மேடைக்கு மாலை... தெருவுக்குக் கூலியா?



நம் திண்டுக்கல்லில் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள் நடப்பதாக எண்ணிக்கொள்வோம். இரண்டையும் நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள்.

முதலாவது, ஒரு திருமண மண்டபத்தில் நடக்கும் பரதநாட்டிய அரங்கேற்றம். வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கிறார்கள். வண்ண அழைப்பிதழில் ஆடும் பெண்ணின் பெயர், குருவின் பெயர், பாடுபவர், மிருதங்கம் வாசிப்பவர் என எல்லாருடைய பெயரும் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் மாலை, பொன்னாடை, வெற்றிலைத் தட்டில் வைத்த சன்மானம். கலைஞர்கள் முதல் பந்தியில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இரண்டாவது, வத்தலக்குண்டு சாலையில் போகும் ஓர் இறுதி ஊர்வலம். முன்னால் நாலைந்து பேர் பறையடித்துக்கொண்டு போகிறார்கள். காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார்கள். தெருவோரத்தில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, மறுபடி அடிக்கிறார்கள். "டேய், நல்லா அடிங்கடா" என்று, மகன் வயதுள்ள ஒருவன் அவர்களை அதட்டுகிறான். எல்லாம் முடிந்தபின், பேசிய தொகையில் நூறு இருநூறைக் குறைத்துக் கையில் திணிக்கிறார்கள். சாப்பாடு கடைசியில்தான். அதுவும் வீட்டுக்குள் அல்ல.

இரண்டு இடத்திலும் தாளம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. ஆனால் நாம் பயன்படுத்தும் சொற்களைக் கவனியுங்கள். மேடையில் நடந்தால் 'கச்சேரி', தெருவில் நடந்தால் 'கொட்டு'. மேடையில் இருப்பவர் 'வித்வான்', தெருவில் இருப்பவர் 'மோளக்காரன்'. அவருக்குக் கொடுப்பது 'சன்மானம்', இவருக்குக் கொடுப்பது 'கூலி'. அவர் முன்னால் இருப்பவர்கள் 'ரசிகர்கள்', இவரைச் சுற்றி நிற்பவர்கள் 'வேடிக்கை பார்ப்பவர்கள்'.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? கலையின் தரத்திலிருந்தா? அல்லது அந்தக் கலையைச் செய்கிறவரின் பிறப்பிலிருந்தா? இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சிந்திப்போம்.

பறையின் பழைய பெருமை

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. பாலை நிலத்துக்குத் துடி, குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை என ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை இருந்தது. பறை இல்லாத நிலமே தமிழரின் நினைவில் இல்லை என்று சொல்லலாம். 'பறை' என்ற சொல்லுக்கே 'சொல்', 'அறிவி' என்றுதான் பொருள். மலையாளத்தில் இன்றும் பேசுவதைப் 'பறைதல்' என்றே சொல்கிறார்கள். அரசாணையையும், போரையும், வெள்ளத்தையும், விழாவையும் மக்களுக்கு அறிவித்த கருவி இது.

அதே சமயம், கலையை இரண்டாகப் பிரிக்கும் வழக்கமும் பழையதுதான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் 'வேத்தியல்', 'பொதுவியல்' என்ற இரண்டு சொற்கள் வருகின்றன. அரசனுக்காக ஆடப்படுவது வேத்தியல். பொதுமக்களுக்காக ஆடப்படுவது பொதுவியல். பார்ப்பவர் யார் என்பதை வைத்துச் செய்த பிரிவு இது. பிற்காலத்தில்தான் செய்பவர் யார் என்பதை வைத்து உயர்வு தாழ்வு கற்பிக்கப்பட்டது. சாதி இறுகியபோது, பறை ஒரு சமூகத்தின் மேல் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாயிற்று. சாவு வீட்டுக்கு வந்து அடித்தே ஆகவேண்டும், மறுத்தால் ஊரில் இருக்க முடியாது என்ற நிலை வந்தது. அந்தக் கருவியின் பெயரால் அழைக்கப்பட்ட மக்களின் பெயர் ஆங்கிலத்துக்குப் போய், அங்கே 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் அகராதியில் ஏறியது. ஒரு வாத்தியத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் உலகில் வேறு எங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை!

ஒரே தோல், இரண்டு மரியாதை

"பறை மாட்டுத்தோல், அதனால் தீட்டு" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் மிருதங்கம் எதனால் செய்யப்படுகிறது? பலா மரக் கட்டையின் இரு முகங்களையும் மூடுவது மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும்தான். அதை இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, சுதி சேர்த்துக் கொடுப்பவர்கள் யார்?

பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூல் இதைத்தான் பேசுகிறது. தஞ்சையிலிருந்து சென்னை வரை தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்துவருபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். நூலின் பெயரில் உள்ள செபாஸ்டியனும் அவர்களில் ஒருவர்தான். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்காக உழைத்த பர்லாந்து அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வித்வானின் காதுக்கு ஏற்றபடி நாதம் வர, இரவு பகலாகத் தோலோடு போராடியவர்கள் இவர்கள். ஆனால் கச்சேரி மேடையிலோ அழைப்பிதழிலோ இவர்கள் பெயர் வருவதில்லை.

திண்டுக்கல் மக்களுக்கு இது எளிதில் புரியும். பூட்டுக்கும் புகையிலைக்கும் பேர்போன நம் ஊர், தோல் பதனிடும் தொழிலுக்கும் பேர்போனது. தோலைத் தொட்டு உழைக்கிறவர்களின் வியர்வையும், அந்தத் தோல் காலணியாகவும் பையாகவும் கடையில் ஏறியபின் அதற்கு வரும் மதிப்பும் நாம் அறிந்தவைதான்.

ஆகவே தீட்டு தோலில் இல்லை. அதே தோல் மேடையில் ஏறினால் தெய்வீக வாத்தியம். தெருவில் நின்றால் தீட்டு வாத்தியம். தோல் மாறவில்லை. தொடுகிற கை யாருடையது என்பதைப் பார்த்து நம் மனம் மாறுகிறது.

சதிர் சொல்லும் பாடம்

"செவ்வியல் கலைக்கு இலக்கணம் உண்டு, பல ஆண்டுப் பயிற்சி உண்டு. அதனால்தான் அதற்கு மதிப்பு" என்று சிலர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது.

இன்று உலகம் போற்றும் பரதநாட்டியம், நூறு ஆண்டுகளுக்கு முன் 'சதிர்' என்ற பெயரில் இருந்தது. தேவதாசி மரபில் வந்த பெண்கள் ஆடினார்கள், நட்டுவனார்கள் பயிற்றுவித்தார்கள். அப்போதும் அதற்கு இலக்கணம் இருந்தது, கடும் பயிற்சி இருந்தது. ஆனாலும் 'நல்ல குடும்பத்துப் பெண்' ஆடக்கூடாத ஆட்டம் என்றே அது ஒதுக்கப்பட்டது. பிறகு மாற்றம் வந்தது. 1928-இல் தொடங்கப்பட்ட சென்னை மியூசிக் அகாதெமி 1930-களில் அந்த ஆட்டத்துக்கு மேடை கொடுத்தது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் அதற்காக வாதாடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935-இல் பொது மேடையில் ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்ராவை நிறுவினார். ஒரே தலைமுறையில் சதிர் 'பரதநாட்டியம்' ஆகி, உயர்குடி வீடுகளில் நுழைந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று: அடவுகளில் பெரிய புரட்சி எதுவும் நடந்து மதிப்பு வந்துவிடவில்லை. ஆடுபவர்களும் ஆடும் இடமும் மாறியதும் மதிப்பும் மாறியது. இரண்டு: கலைக்குக் கிடைத்த மரியாதை, அதுவரை அதைக் காத்துவந்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை. 1947-இல் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டம் ஒரு கொடுமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அது தேவையான சட்டம். ஆனால் அந்தப் பெண்களில் பலர் கலையையும் இழந்து, பெயரையும் இழந்து மறைந்தார்கள். பாலசரசுவதி போன்ற மிகச் சிலர்தான் உயர்ந்து நிற்க முடிந்தது.

கலையை மேலே தூக்கிவிட்டு, கலைஞரைக் கீழேயே விட்டுவிட முடியும் என்பதுதான் சதிர் சொல்லும் பாடம். இன்று பறைக்கும் இதேதான் நடந்துவிடுமோ என்ற கவலை நமக்கு வேண்டும்.

ஓர் இருக்கையின் விலை

மரியாதை என்பது பெரும்பாலும் சிறிய விஷயங்களில்தான் இருக்கிறது. நாதசுரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) எடுத்துக்கொள்வோம். கோயிலிலும் ஊர்வலத்திலும் நாதசுரக்காரர்கள் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், மேல்சட்டை போடக்கூடாது என்ற வழக்கம் இருந்த காலம் அது. பாடகர் மேடையில் அமரலாம், நாதசுரக்காரர் அமரக்கூடாது. ராஜரத்தினம் பிள்ளை அதை ஏற்கவில்லை. மேடை போடுங்கள், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். விருப்பப்படி உடுத்தினார். பலர் அதைத் திமிர் என்றார்கள். ஆனால் அவருக்குப் பின் வந்த நாதசுரக் கலைஞர்கள் எல்லாரும் அமர்ந்து வாசிக்கிறார்கள் என்றால், அந்தத் 'திமிர்' வாங்கிக்கொடுத்த இருக்கையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

மாலையும் பொன்னாடையும் ஒரு நாள் மரியாதை. உட்கார இடம், பெயர் சொல்லி அழைப்பது, பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுப்பது, "வரமாட்டேன்" என்று சொல்லும் உரிமை ஆகியவை எல்லா நாளும் உள்ள மரியாதை. ஒரு கலைஞருக்கு இந்த நான்கும் இருக்கிறதா என்று பார்த்தாலே, சமூகம் அவரை எங்கே வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பறையை விடுவதா, எடுப்பதா?

பறையடிப்பவர்கள் மத்தியிலேயே இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டையும் நாம் மதிக்க வேண்டும்.

முதல் பதில்: விட்டுவிடு. இழிவு என்று சுமத்தப்பட்ட தொழில்களைக் கைவிடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் தம் மக்களை அழைத்தார். தமிழகத்தில் எல். இளையபெருமாள் தென்னார்க்காட்டுப் பகுதியில் சாவுக்குப் பறையடிக்க மறுக்கும் போராட்டங்களை நடத்தினார். பின்னாளில் தீண்டாமை குறித்து ஆராய்ந்து 1969-இல் மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்த குழுவின் தலைவரும் அவரே. அடிக்க மறுத்ததற்காகத் தாக்கப்பட்டவர்களும், வேலை மறுக்கப்பட்டவர்களும் உண்டு. "என் மகன் இதைத் தொடக்கூடாது" என்று பறையைப் பரணில் போட்ட தந்தையர் நம் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "பாரம்பரியத்தை விட்டுவிட்டீர்களே" என்று வருந்த நமக்கு உரிமை இல்லை. அந்தப் பாரம்பரியத்தின் வலியைச் சுமந்தவர்கள் அவர்கள்.

இரண்டாம் பதில்: எடு, ஆனால் அடிமையாக அல்ல, கலைஞனாக எடு. 1980-களிலும் 90-களிலும் இந்தக் குரல் வலுத்தது. முனைவர் கே. ஏ. குணசேகரன் (1955–2016) நாட்டுப்புற இசையைப் பல்கலைக்கழகத்துக்கும் மேடைக்கும் கொண்டுசென்றார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று தம்மை அழைத்துக்கொண்ட அருள்திரு தியாபிலஸ் அப்பாவு, கிராமிய இசையில் வழிபாட்டையே அமைத்தார். 2005-இல் மறைந்த அவரது பணியைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் சோய் ஷெரினியன் 2014-இல் தனி நூலே எழுதினார். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளைப் பாடிப் பழகிய சபைகளில் பறை ஒலித்தபோது, முகம் சுளித்தவர்களும் உண்டு. கண்ணீர் விட்டவர்களும் உண்டு.

இந்த இரண்டு பதில்களும் முரண்பட்டவை போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அடிப்பதும் அடிக்காததும் கலைஞரின் சொந்த முடிவாக இருக்க வேண்டும்.

திண்டுக்கல்லின் சக்தி

இந்த இரண்டாம் பதிலுக்கு உயிர்கொடுத்த இடங்களுள் ஒன்று நம் திண்டுக்கல்லிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அருட்சகோதரி சந்திரா தலைமையில் வளர்ந்த சக்தி நாட்டுப்புறக் கலை மையம்தான் அது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட, ஏழ்மையில் வாடிய தலித் இளம்பெண்களைச் சேர்த்து, பறையும் ஒயிலும் கும்மியும் கோலாட்டமும் கற்பித்தது இம்மையம். கலையோடு, சமூகம் பற்றிய பகுப்பாய்வும், வாழ்க்கைக்கு வேண்டிய பயிற்சிகளும் கொடுக்கப்பட்டன. சோய் ஷெரினியன் இந்த மையத்தைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படத்தையும் எடுத்திருக்கிறார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பறை ஆண்கள் மட்டுமே அடித்த கருவி. அதை ஒரு பெண் தோளில் மாட்டுகிறாள். சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவி. அதை அவள் மக்கள் மன்றத்தில், உரிமைக் குரலாக அடிக்கிறாள். தலைகுனிந்து நடக்கவே பழக்கப்பட்டவள், கால்களை அகட்டி வைத்து, நிமிர்ந்து நின்று, கூட்டத்தின் கண்களைப் பார்த்து ஆடுகிறாள். பறையாட்டத்தில் தலை குனிந்து ஆட முடியாது! இடது தோளில் தொங்கும் பறையை, ஒரு கையில் பருத்த அடிக்குச்சியும் மறு கையில் மெல்லிய மூங்கில் குச்சியுமாக அடித்துக்கொண்டே ஆட வேண்டும். உடலும் மூச்சும் கவனமும் ஒன்றாகச் சேர வேண்டும். தாழ்வு மனப்பான்மையை உடைக்க எத்தனையோ வகுப்புகள் நடத்துகிறோம். அந்த வகுப்புகள் செய்யாததை இந்த வட்டத் தோல் செய்தது.

மேடை கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை?

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது, உண்மைதான். 2007-இல் தொடங்கிய 'சென்னை சங்கமம்' கிராமியக் கலைஞர்களைத் தலைநகரின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் அழைத்துவந்தது. இடையில் நின்றுபோன அவ்விழா 2023-இல் மீண்டும் தொடங்கியது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைந்தது. 2015-இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் பகுதியில் கர்நாடக இசையும் பறையும் ஒரே விழாவில் ஒலித்தன. அதில் முன்னின்ற டி. எம். கிருஷ்ணாவுக்கு அடுத்த ஆண்டு மகசேசே விருது கிடைத்தது. 2025-இல் நம் பக்கத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் அதே விருது. மகிழ வேண்டிய செய்திகள்!

ஆனால் மூன்று குறைகள் இன்னும் கண்ணில் படுகின்றன.

முதலாவது, கற்கும் இடங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுபவை குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்ற ஏழு பாடங்கள்தான். நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேரப் பயிற்சி வந்தது அண்மை ஆண்டுகளில்தான். 'இலக்கணம் இல்லாத கலை' என்ற பேச்சின் பின்னணி இதுவே. அடிகளும் அடவுகளும் பறையிலும் உண்டு. சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று தேர்ந்தவர்கள் பிரித்து வாசிப்பார்கள். ஆனால் அது தகப்பனிடமிருந்து மகனுக்குக் கையால் வந்தது, ஏட்டில் ஏறவில்லை.

இரண்டாவது, நாம் அவர்களை அழைக்கும் விதம். எய்ட்ஸ் விழிப்புணர்வா, வாக்காளர் விழிப்புணர்வா, மழைநீர் சேகரிப்பா... உடனே கிராமியக் கலைக்குழுவைக் கூப்பிடுகிறோம். நல்லதுதான். ஆனால் அவர்களுடைய பாட்டைக் கேட்க அழைப்பதில்லை. நம் செய்தியைச் சொல்ல அழைக்கிறோம். ஒரு வயலின் வித்வானிடம் "பத்து நிமிடம் டெங்கு பற்றி வாசியுங்கள்" என்று நாம் கேட்போமா?

மூன்றாவது, பழி. "குடித்துவிட்டு அடிக்கிறார்கள்", "கரகாட்டம் ஆபாசமாகிவிட்டது" என்கிறோம். கூலியின் ஒரு பகுதியைச் சாராயமாகக் கொடுக்கும் வழக்கத்தை உண்டாக்கியது யார்? இரவு முழுவதும் இழவு வீட்டில் அடிக்கச் சொல்லி, களைப்புக்குக் குடி வாங்கிக்கொடுப்பது யார்? குடம் தலையில் நிற்கும் திறமையை ரசிக்காமல், ஆடும் பெண்ணைப் பார்த்து விசிலடித்து, இரட்டைப் பொருள் பேச்சைக் கேட்டு வாங்குவது யார்? உடை மாற்ற ஒரு மறைவிடம்கூட ஏற்பாடு செய்யாமல் அந்தப் பெண்களை வேன் மறைவில் நிற்க வைப்பது யார்? கலையைக் கெடுத்தது கூப்பிட்டவர்களின் ரசனை. பழியைச் சுமப்பது ஆடியவர்களின் தலை.

மேடையில் பறை ஒலிக்கும்போது கைதட்டும் நாமே, அடுத்த வாரம் நம் தெருச் சாவில் அதே பறைக்காரரை 'டேய்' என்று அழைத்தால், அந்தக் கைதட்டலுக்கு என்ன பொருள்?

சன்னலில் நின்று பார்த்தவள்

திருவிவிலியத்தில் ஒரு காட்சி (2 சாமுவேல் 6). ஆண்டவரின் பேழை எருசலேம் நகருக்குள் வருகிறது. தாவீது அரசர் அரச உடையைக் களைந்துவிட்டு, மெல்லிய நார்ப்பட்டு அணிந்து, மக்களோடு தெருவில் துள்ளி ஆடுகிறார். சவுலின் மகள் மீக்கால் அரண்மனைச் சன்னலிலிருந்து பார்க்கிறாள். பார்த்ததும் உள்ளத்தில் அவரை இகழ்கிறாள். பணிப்பெண்கள் பார்க்க ஓர் அரசர் இப்படியா ஆடுவது என்று அவரிடமே கேலி பேசுகிறாள். தாவீதின் பதில், நான் ஆண்டவர் முன்னிலையில் ஆடினேன். நீ சொல்லும் அந்தப் பணிப்பெண்கள் என்னை மதிப்பார்கள் என்பதாக அமைகிறது.

மீக்காலுக்கு ஆட்டம் பிரச்சினை இல்லை. ஆடிய இடமும், உடன் ஆடியவர்களும்தான் பிரச்சினை. அவள் நின்ற சன்னல் இன்னும் மூடப்படவில்லை. நாமும் பல நேரங்களில் அங்கே நின்றுதான் தெருவைப் பார்க்கிறோம்.

யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கையைப் பற்றிப் பேசுகிறார். பொன்மோதிரம் அணிந்தவர் தொழுகைக்கூடத்துக்கு வந்தால் நல்ல இடம். ஏழை வந்தால் நிற்க வைப்பது அல்லது கால்மாட்டில் உட்கார வைப்பது. இப்படி வேறுபாடு காட்டுவது தவறு என்று அவர் கண்டிக்கிறார். ராஜரத்தினம் பிள்ளை கேட்ட இருக்கையும், யாக்கோபு சொல்லும் இருக்கையும் ஒன்றுதான்!

திருச்சபையின் படிப்பினையிலும் தெளிவு இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் கொடுக்கச் சொல்கிறது. நம் திண்டுக்கல் மறைமாவட்டம் உருவான அதே 2003 நவம்பர் மாதத்தில், உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக்கூடாது என்று வலியுறுத்தினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டபின் செயல் வேண்டுமே!

நாம் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த ஊர்த் திருவிழாவிலிருந்தே தொடங்கலாம்.

அழைப்பிதழில் 'பறை மேளம் முழங்க' என்று மட்டும் போடாமல், குழுவின் பெயரையும் ஆசானின் பெயரையும் போடுவோம். இன்னிசைக் குழுவின் பெயரைப் பெரிதாகப் போடுகிறோமே!

தொகையை முன்பே பேசி, பேசியதைக் குறைக்காமல் கொடுப்போம். பாதிப் பணத்துக்குப் பதிலாகக் குடி கொடுக்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்துவோம்.

குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல், பெண் கலைஞர்களுக்கு உடை மாற்றக் கதவுள்ள ஓர் அறை. சாப்பாட்டை எல்லாரோடும் ஒரே பந்தியில் வைப்போம்.

வயதில் மூத்த கலைஞரை 'அண்ணே', 'ஐயா' என்று அழைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். இதற்குச் செலவே இல்லை.

நம் பள்ளிகளின் ஆண்டுவிழாக்களில் பரதமும் மேற்கத்திய நடனமும் கற்பிக்க ஆசிரியர்களைச் சம்பளம் கொடுத்து வைக்கிறோம். பறைக்கும் ஒயிலுக்கும் உள்ளூர்க் கலைஞர் ஒருவரை அதே சம்பளத்தில் ஆசிரியராக அழைப்போம். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் கற்கட்டும். ஒரே சமூகத்தின் தோளில் மட்டும் பறை தொங்கும்வரை, அது சாதியின் அடையாளமாகவே இருக்கும். ஆனால் கற்றபின் நம் பிள்ளைகள் மேடையில் ஏற, கற்றுக்கொடுத்தவர் கீழேயே நிற்கும்படி ஆகிவிடக்கூடாது. சதிரின் கதை மறுபடி நடக்க வேண்டாம்.

கடைசியாக, ஒரு கலைஞர் "இனி நான் சாவுக்கு வரமாட்டேன்" என்று சொன்னால், அந்த முடிவை மதிப்போம். அவர் வராவிட்டாலும் நம் ஊரில் அவருக்கு எந்தத் தொல்லையும் வராமல் துணைநிற்போம். மரியாதை உண்மையா, ஒப்புக்கா என்பதை இந்த ஒன்று காட்டிக்கொடுத்துவிடும்.

சிந்திக்க...

* என் ஊரில் பறையடிக்கும் ஒருவரின் முழுப்பெயர் எனக்குத் தெரியுமா?

* நம் பங்குத் திருவிழாவில் இன்னிசைக் குழுவுக்குக் கொடுத்த தொகை எவ்வளவு? பறைக் குழுவுக்குக் கொடுத்தது எவ்வளவு?

* என் மகளோ மகனோ பறை கற்க ஆசைப்பட்டால், வீணை கற்க ஆசைப்பட்டபோது வந்த அதே மகிழ்ச்சி எனக்கு வருமா?

மூன்றாவது கேள்விக்கு உடனே 'ஆம்' என்று சொல்ல நம்மில் பலருக்குத் தயக்கம் இருக்கும். பரவாயில்லை, அந்தத் தயக்கத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். சன்னலை விட்டு இறங்கித் தெருவுக்கு வர அதுவே முதல் படி. தெருவில் நமக்காகக் காத்திருப்பவர்கள் நம் சகோதரர்களும் சகோதரிகளும்தான்!